பையனுக்கு சீட்டும் எனக்கு வேலையும் ஒரே சார்ட்டர் ஸ்கூல்ல, எதை நம்பி கையெழுத்து போடறது?

வாசகி எழுதின லெட்டரை சுருக்கி முதல்ல போட்டுடறேன்:

"அக்கா, நாங்க கலிஃபோர்னியா பே ஏரியா வந்து மூணு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கு மனைவிங்கற முறைல ஹெச்-4 விசா, வேலை பாக்கறதுக்கான அனுமதி அட்டை ஈஏடியும் கைல இருக்கு. ஊர்ல மதுரைப் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஆறு வருஷம் கணக்கு எடுத்தேன், எம்எஸ்சி பிஎட். பையன் அடுத்த வருஷம் அஞ்சாவது. பேசும்போது திக்கும், அதனால இப்ப படிக்கற டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல, அதாவது உள்ளூர் கல்வி போர்டு நடத்தற ஸ்கூல்ல, ஐஇபின்னு அவனுக்குன்னே ஒரு தனித் திட்டம் போட்டு ஸ்பீச் தெரபி குடுக்கறாங்க. பக்கத்துல ஒரு சார்ட்டர் ஸ்கூல் நல்லாருக்குன்னு அப்ளை பண்ணப் போனா, அப்ளிகேஷன்லயே ரிப்போர்ட் கார்டும் ஐஇபி காப்பியும் கேக்கறாங்க, வருஷத்துக்கு 30 மணி நேரம் பேரன்ட் வாலன்டியரிங் பண்ணுவோம்னு கையெழுத்தும் கேக்கறாங்க. ஆபீஸ்ல இருந்தவங்க ஐஇபின்னு கேட்டதுமே 'உங்க பையனுக்கு இப்ப இருக்கற ஸ்கூலே நல்லது'ன்னு சொல்லிட்டாங்க. இதுல என்னன்னா அதே ஸ்கூல்ல எனக்கு கணக்கு டீச்சர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு, 'அட்-வில்'னு போட்டிருக்கு. டெக்சாஸ்ல இருக்கற ஃப்ரெண்டு டீச்சருக்கு லைசென்ஸே வேணாம்ங்கறா. அடுத்த வருஷம் ஸ்கூலோட அனுமதியப் புதுப்பிக்கற சார்ட்டர் ரினியூவல் வேற வருதாம். மூடிட்டாங்கன்னா பையன் சீட்டும் போயி என் வேலையும் போயிடுமே? இது கவர்மென்ட் ஸ்கூலா ப்ரைவேட் ஸ்கூலா, அதுவே எனக்குப் புரியல."

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க லெட்டர்ல நாலஞ்சு விஷயம் இருந்தாலும் எனக்கு நெஞ்சுல தச்சது அந்த ஆபீஸ்ல சொன்ன ஒரே ஒரு வரிதான். திக்கிப் பேசுற பிள்ளையோட அம்மா எவ்ளோ தயங்கி அந்தப் படியேறி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், ஸ்கூல் சட்டம் பாக்குற வக்கீலா இங்க நான் சந்திச்ச நம்ம ஊர் அம்மாக்கள்ல பாதிப் பேர் இந்த மாதிரி ஒரு வரியக் கேட்டுட்டு, "சரி அவங்க நல்லதுக்குத்தான சொல்றாங்க"ன்னு திரும்பி வந்தவங்கதான். அதனால மத்ததுக்கு முன்னாடி இதச் சொல்லிடறேன். கலிஃபோர்னியா சட்டப்படி அந்த வரிய அவங்க சொல்லவே கூடாது. ஒரு பிள்ளைய எந்தக் காரணத்துக்காகவும் "சேராதீங்க"ன்னு ஒரு சார்ட்டர் ஸ்கூல் தயங்க வைக்கக் கூடாது, சேர்ந்த பிறகு "வேற எடம் பாத்துக்கோங்க"ன்னு நகத்தவும் கூடாதுன்னு 2019ல சட்டத்துலயே எழுதி வச்சிட்டாங்க, எஜுகேஷன் கோட்ங்கற மாநிலக் கல்விச் சட்டத்துல 47605ங்கற பிரிவுல இருக்கு. இயலாமை இருக்கற பிள்ளைங்க, படிப்புல பின்தங்கின பிள்ளைங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்கற பிள்ளைங்கன்னு பேர் சொல்லியே போட்டிருக்காங்க.

இப்ப கவர்மென்ட்டா ப்ரைவேட்டாங்கற கேள்வி. சார்ட்டர் ஸ்கூல் பப்ளிக் ஸ்கூல்தான், அதுல சந்தேகமே வேணாம். ஃபீஸ் கிடையாது, வரிப்பணத்துல நடக்குது, மதம் சார்ந்து நடத்தக் கூடாது, ஸ்டேட் டெஸ்ட் எழுதணும். ஆனா நடத்துறது டிஸ்ட்ரிக்ட் இல்ல, பெரும்பாலும் ஒரு நான்-ப்ராஃபிட் அமைப்பு. நம்ம ஊர் எய்டட் ஸ்கூல் மாதிரின்னு நெறைய பேர் நினைக்கறாங்க, பாதி சரி, பணம் அரசாங்கத்தோடது நிர்வாகம் தனியாரோடதுங்கற வரைக்கும் சரி. ஆனா எய்டட் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர நிர்வாகம் நினைச்சா அவ்ளோ லேசா வீட்டுக்கு அனுப்ப முடியாது, இங்க அது வேற கதை, அதுக்கு அப்பறம் வரேன்.

அமெரிக்காவுல முதல்ல 1991ல மினசோட்டா மாநிலம்தான் இதுக்கு சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷம் செயின்ட் பால் ஊர்ல முதல் ஸ்கூல் திறந்துச்சு. ரெண்டாவதா சட்டம் போட்டது கலிஃபோர்னியா, 1992ல. இன்னைக்கு இங்க சுமார் 1,300 சார்ட்டர் ஸ்கூல் இருக்கு. அந்தச் சட்டத்தோட மூல யோசனை என்னன்னா, டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்களக் கட்டுப்படுத்தற தடிமனான எஜுகேஷன் கோட்ல பெரும்பகுதில இருந்து உனக்கு விடுதலை குடுக்கறேன், அதுக்கு பதிலா நீ என்ன செய்யப் போறன்னு எழுதிக்குடு, எழுதின மாதிரி செய்யலன்னா உன் அனுமதிய எடுத்துருவேன், அவ்ளோதான். அந்த எழுதிக்குடுக்கற பேப்பருக்குப் பேர்தான் சார்ட்டர் பெட்டிஷன். அதுல 15 அம்சம் கட்டாயம் இருந்தாகணும், பாடத்திட்டம், நிர்வாகக் குழு, அட்மிஷன் முறை, டீச்சர் தகுதி, சஸ்பென்ஷன் எப்படி, பென்ஷன் எப்படி, தகராறு வந்தா எப்படி, ஸ்கூல மூடினா என்ன செய்வோம், எல்லாமே. நீங்க கேட்ட கேள்வில முக்காவாசிக்கு பதில் அந்த ஒரு டாக்குமென்ட்லயே இருக்கு. கூகுள் ரிவ்யூவும் வாட்ஸ்அப் குரூப்பும் படிக்கறதுக்கு முன்னாடி அந்த பெட்டிஷனைப் படிங்க. நூறு நூத்தம்பது பக்கத்துக்கு மேல இருக்கும், பயப்படாதீங்க, உங்களுக்கு வேண்டியது பத்துப் பதினஞ்சு பக்கம்தான். ஸ்கூல் வெப்சைட்ல இல்லன்னா மெயில் போட்டுக் கேளுங்க, அது பப்ளிக் ரெக்கார்ட், குடுத்தாகணும்.

அட்மிஷனுக்கு வரேன். சேரணும்னு வர்ற எல்லாப் பிள்ளையையும் எடுக்கணும், இடத்த விட ஆளு அதிகமா வந்தா எல்லார் முன்னாடியும் குலுக்கல். அதத்தான் லாட்டரிங்கறாங்க. பரீட்சை வச்சோ இன்டர்வியூ வச்சோ பொறுக்கி எடுக்கக் கூடாது. குலுக்கல்ல சில பேருக்கு முன்னுரிமை உண்டு, ஏற்கனவே படிக்கற பிள்ளைங்களுக்கும் அந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள்ள குடியிருக்கறவங்களுக்கும் சட்டமே குடுக்குது, கூடப்பிறந்தவங்க, ஸ்டாஃப் பிள்ளைங்க மாதிரி மத்த முன்னுரிமை எல்லாம் அனுமதி குடுத்த போர்டு பப்ளிக் ஹியரிங் வச்சு ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். இந்த ஸ்டாஃப் பிள்ளைங்கறத நல்லா கவனிங்க, ஏன்னா நீங்க அந்த வேலைய ஏத்துக்கிட்டா உங்க பையனுக்கு அது பொருந்தலாம். பெட்டிஷன்ல "அட்மிஷன்" பகுதில அந்த முன்னுரிமை இருக்கா, எந்த தேதில நீங்க ஸ்டாஃபா இருந்தா கணக்குல வரும், எத்தனை சதவீத சீட் வரைக்கும்னு எழுதியிருப்பாங்க. ஒருவேளை லாட்டரி முடிஞ்சப்பறம் நீங்க கையெழுத்து போட்டா வெயிட்லிஸ்ட்ல மேல போறதுக்கு மட்டும்தான் உதவும்ங்கற மாதிரியும் இருக்கலாம், அதனால ஹெச்ஆர்ல வாய்வார்த்தையா "பாத்துக்கலாம் மேடம்"னு சொன்னா நம்பிடாதீங்க.

அப்ளிகேஷன்லயே ரிப்போர்ட் கார்டும் ஐஇபியும் கேட்டாங்கல்ல, அதுவும் தப்பு. சீட் குடுத்து என்ரோல் பண்றதுக்கு முன்னாடி பிள்ளையோட எந்த ரெக்கார்டையும் கேக்கக் கூடாது, அப்பா அம்மாவ விட்டுக் கொண்டுவரச் சொல்லவும் கூடாது. இந்த விதி ஏன் வந்துச்சுன்னா, ஐஇபி இருக்கான்னு முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டு நாசூக்கா கழட்டி விடறது பல எடத்துல நடந்துட்டு இருந்துச்சு. ரூல் வந்த பிறகும் பழைய ஃபாரத்த மாத்தாம வச்சிருக்கற ஸ்கூல் உண்டு, கெட்ட எண்ணம் இல்லாம சோம்பேறித்தனத்துல வச்சிருக்கறவங்களும் உண்டு. காரணம் எதுவானாலும் நீங்க அந்தக் கட்டத்தை காலியா விட்டு அப்ளிகேஷனை போடுங்க. பொய் எழுத வேணாம், ஐஇபி இல்லன்னு டிக் பண்ணாதீங்க, வெறுமனே விடுங்க. விசா என்னன்னும் கேக்கறதுக்கு அவங்களுக்கு உரிமை கிடையாது, 1982ல சுப்ரீம் கோர்ட் குடுத்த ப்ளைலர் தீர்ப்புல இருந்து எந்தப் பிள்ளைக்கும் குடியுரிமை நிலைய வச்சு பப்ளிக் ஸ்கூல் கதவைச் சாத்த முடியாது, உங்களுக்கோ முறையான விசாவே இருக்கு.

வாலன்டியரிங் 30 மணி நேரம்ங்கறது, அதுவும் செல்லாது. அட்மிஷனுக்கும் சரி, தொடர்ந்து படிக்கறதுக்கும் சரி, பேரன்ட் கட்டாயம் இத்தனை மணி நேரம் வந்து வேலை செய்யணும்னு நிபந்தனை வைக்கக் கூடாதுன்னு 2017ல ஏபி 1360ங்கற சட்டம் சொல்லிடுச்சு. வாங்க வாங்கன்னு கூப்பிடலாம், ஆனா இது கட்டாயம் இல்லன்னு அவங்களே உங்களுக்குச் சொல்லணும். மணி நேரத்துக்கு பதிலா இவ்ளோ டாலர் கட்டுங்கன்னா அது இன்னும் மோசம், பப்ளிக் ஸ்கூல்ல பாடத்துக்காக ஃபீஸ் வாங்கறதே தடை. ரெண்டு ஷிஃப்ட் பாக்கற அம்மாவாலயும் கைக்குழந்தை வச்சிருக்கற அம்மாவாலயும் 30 மணி நேரம் எங்கேர்ந்து குடுக்க முடியும், அந்தப் பிள்ளைங்க மட்டும் வெளிய நிக்கணுமான்னு யோசிச்சுப் பாத்தா இந்த சட்டத்தோட நியாயம் தானா புரியும்.

சீட் கிடைச்சு சேர்ந்த பிறகு ஐஇபிய நீங்களே கொண்டுபோய்க் குடுங்க, தள்ளிப் போடாதீங்க. ஸ்பெஷல் எஜுகேஷனுக்கான ஃபெடரல் சட்டம் சார்ட்டருக்கும் அப்படியே பொருந்தும். எங்ககிட்ட ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லன்னு கைய விரிக்க முடியாது, வெளிய இருந்து ஆளக் கூட்டிட்டு வந்தாவது குடுக்கணும். ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கோங்க, ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு அந்த சார்ட்டர் தானே தனி அமைப்பா செல்பாங்கற குழுவுல சேர்ந்திருக்கா இல்ல டிஸ்ட்ரிக்ட்டோட ஒரு ஸ்கூலா இருந்து டிஸ்ட்ரிக்ட் மூலமா குடுக்குதான்னு. முதல் வகைன்னா தெரபிய ஏற்பாடு பண்ற பொறுப்பு முழுக்க ஸ்கூலோடது, ரெண்டாவதுன்னா டிஸ்ட்ரிக்ட்ல பேசணும். இது தெரியாம ஒரு குடும்பம் ஆறு மாசம் ரெண்டு ஆபீஸுக்கும் நடையா நடந்து, அவங்க இவங்கள கைகாட்ட இவங்க அவங்கள கைகாட்ட, பிள்ளைக்கு ஒரு செஷன்கூட கிடைக்காமப் போனத நான் பாத்திருக்கேன், அந்தப் பொண்ணு மூணாவதுல வாயே திறக்காம உக்காந்திருந்தா. அது எனக்கு இன்னும் ஆறல.

அந்த ஆபீஸ்ல சொன்னதுக்கு என்ன பண்றதுன்னா, முதல்ல ஒரு மெயில். கோவமா வேணாம். "இன்ன தேதில நாங்க வந்தப்போ இப்படிச் சொன்னாங்க, அப்ளிகேஷனோட ஐஇபி கேட்டாங்க, வாலன்டியர் கையெழுத்து கேட்டாங்க, இது 47605க்கு ஒத்து வருதான்னு தெரியப்படுத்துங்க"ன்னு நாலு வரி, ப்ரின்சிபலுக்கு. பத்துல எட்டு தடவை அதோட சரியாயிடும், ஏன்னா அந்தப் பிரிவு நம்பரைப் பாத்ததும் அவங்க வக்கீல்கிட்ட போவாங்க. சரியாகலன்னா இந்த மாதிரி அட்மிஷன் புகாருக்குன்னே ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் ஒரு ஃபாரம் வச்சிருக்கு, அத சார்ட்டருக்கு அனுமதி குடுத்த டிஸ்ட்ரிக்ட்டுக்கோ, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இருக்கற கவுன்ட்டியோட கல்வி போர்டுக்கோ அனுப்பணும். அந்த உரிமைய விளக்குற நோட்டீஸ ஸ்கூல் தன்னோட வெப்சைட்ல போட்டிருக்கணும், நீங்க அட்மிஷன் பத்தி விசாரிக்கும்போதும் லாட்டரிக்கு முன்னாடியும் கைல குடுத்திருக்கணும். உங்களுக்குக் குடுத்தாங்களா? குடுக்கலன்னா அதையும் மெயில்ல சேத்துக்கோங்க.

வேலை விஷயம். டெக்சாஸ் ஃப்ரெண்டு பொய் சொல்லல. அங்க 1995 சட்டப்படி நடக்கற ஓப்பன் என்ரோல்மென்ட் சார்ட்டர்ல பெரும்பாலான பாடத்துக்கு டிகிரி இருந்தா போதும், ஸ்பெஷல் எஜுகேஷனுக்கும் பைலிங்குவலுக்கும்தான் சர்ட்டிஃபிகேட் கேக்கறாங்க. அட்மிஷன்லயும் வித்தியாசம் இருக்கு, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைய எடுக்க மாட்டோம்னு சார்ட்டர்ல எழுதிக்க அங்க வழி இருக்கு. அனுமதி குடுக்கறது மாநில கல்வி கமிஷனர். நியூ ஜெர்சிலயும் 1995 சட்டம்தான், அங்கயும் கமிஷனர்தான் அனுமதி குடுக்கறவர், ஆனா டீச்சருக்கு சர்ட்டிஃபிகேட் வேணும். ஒரே பேரு, மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டம், அதனாலதான் வேற ஸ்டேட்ல இருக்கறவங்க சொல்றத வச்சு இங்க முடிவு எடுக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

கலிஃபோர்னியால 2019ல வந்த ஏபி 1505ங்கற சட்டம் இத இறுக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி மெயின் பாடத்துக்கு மட்டும் க்ரெடென்ஷியல்ங்கற டீச்சர் லைசென்ஸ், மத்ததுக்கு ஸ்கூல் இஷ்டம்ங்கற மாதிரி தளர்வா இருந்துச்சு. இப்ப டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல அந்த வேலைக்கு என்ன பேப்பர் வேணுமோ அதே பேப்பர் சார்ட்டர்லயும் வேணும், 2019-20ல ஏற்கனவே வேலைல இருந்தவங்களுக்கு மட்டும் 2025 ஜூலை 1 வரைக்கும் டைம் குடுத்தாங்க, அதுவும் முடிஞ்சு போச்சு. ஆக நீங்க மிடில் ஸ்கூல் கணக்கு எடுக்கணும்னா சிங்கிள் சப்ஜெக்ட் மேத்ஸ் க்ரெடென்ஷியல் இல்ல அதுக்குப் போற வழில குடுக்கற இன்டர்ன், பெர்மிட் ஏதாவது கைல இருக்கணும். நம்ம பிஎட் நேரா செல்லாது, ஆனா வீணும் இல்ல. யூனிவர்சிட்டி மார்க் ஷீட் எல்லாத்தையும் டீச்சர் க்ரெடென்ஷியலிங் கமிஷன் அங்கீகரிச்ச ஏஜென்சிகிட்டதான் எவாலுவேஷன் பண்ணணும், விசாவுக்குன்னு பண்ணின பழைய எவாலுவேஷன் வேற ஏஜென்சியோடதுன்னா எடுத்துக்க மாட்டாங்க. கைரேகைக்கு லைவ் ஸ்கேன். மதுரைல இருந்து ட்ரான்ஸ்க்ரிப்ட் சீல் வச்ச கவர்ல வர எத்தனை மாசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், இன்னைக்கே யாரையாவது யூனிவர்சிட்டிக்கு அனுப்புங்க.

ஸ்கூல் "நாங்க பெர்மிட் வாங்கித் தரோம்"னு சொல்லியிருக்கலாம். ஷார்ட் டேர்ம் பெர்மிட்னா அது அந்த எம்ப்ளாயர்கிட்ட மட்டும் செல்லும், ஒரு வருஷத்துக்கு மேல ஓடாது, நீங்க வேற ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அதனால எந்த பேப்பர் பேர்ல உங்கள வேலைக்கு எடுக்கறாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்குங்க. பேப்பர் இல்லாம கிளாஸ்ல நிக்க வச்சா நாளைக்கு ஆடிட்ல மாட்டறது ஸ்கூல் மட்டும் இல்ல, உங்க பேரும்தான்.

அட்-வில். இதத்தான் நிதானமா படிக்கணும். டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல ரெண்டு வருஷம் ப்ரொபேஷன் தாண்டினா டீச்சருக்கு நிரந்தரம்னு ஒரு அந்தஸ்து உண்டு, அப்பறம் வேலைய விட்டு எடுக்கணும்னா காரணம் வேணும் விசாரணை வேணும். சார்ட்டருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவங்களுக்குக் குடுத்த விடுதலைல இதுவும் ஒண்ணு. அட்-வில்னா எந்த நாளும் காரணம் சொல்லாம அனுப்பலாம், நீங்களும் எந்த நாளும் போகலாம். உங்களுக்கு இருக்கற பாதுகாப்பு ரெண்டே எடத்துலதான் இருக்கு, ஒண்ணு கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கோ அது, இன்னொண்ணு எல்லா வேலைக்கும் பொதுவான சட்டம், அதாவது இனம் நாடு பாலினம் கர்ப்பம் மாதிரி காரணத்துக்காகவோ சட்டமீறலைச் சொன்னதுக்காகவோ அனுப்பினா அது அட்-வில்லா இருந்தாலும் தப்பு. எத்தனை நாள் நோட்டீஸ், வருஷ நடுவுல அனுப்பினா மிச்ச சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எப்ப நிக்கும், இந்த மூணையும் கேளுங்க. கேட்டா ஆஃபரை வாபஸ் வாங்கிருவாங்களோன்னு பயப்படாதீங்க, கணக்கு டீச்சருக்கு இங்க இருக்கற தட்டுப்பாட்டுல அவங்களும் உங்கள விட மனசு வராமத்தான் இருப்பாங்க. ஈஏடி முடியற தேதிய மறைக்காம சொல்லிடுங்க, ரினியூவல் லேட்டானா லீவ்ல வைப்பாங்களா வேலைய விட்டு எடுத்துருவாங்களான்னு அதையும் எழுத்துல வாங்குங்க, ஹெச்-4காரங்களுக்கு உண்மையான ஆபத்து அங்கதான்.

பென்ஷன் பத்தி நம்மாளுங்க யாரும் கேக்கறதே இல்ல. சார்ட்டர் ஸ்கூல் கால்ஸ்டர்ஸ்ங்கற மாநில டீச்சர் பென்ஷன்ல சேரலாம், சேராமலும் இருக்கலாம், பெட்டிஷன்ல எழுதியிருக்கும். சேர்ந்திருந்தா உங்க சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி பிடிக்க மாட்டாங்க, பென்ஷனுக்குப் பிடிப்பாங்க, ஆனா பென்ஷன் உரிமை வர 5 வருஷ சர்வீஸ் வேணும். அதுக்குள்ள ஊருக்குத் திரும்பினா நீங்க கட்டின பணத்த வட்டியோட வாங்கிக்கலாம், ஸ்கூல் கட்டினது வராது. யூனியன் இருக்கான்னும் கேளுங்க. யாரு முதலாளின்னு, ஸ்கூலா டிஸ்ட்ரிக்ட்டான்னு, பெட்டிஷன்லயே சொல்லியாகணும், சார்ட்டர் டீச்சர்களுக்கு யூனியன் வச்சுக்க சட்டப்படி உரிமை உண்டு. யூனியன் ஒப்பந்தம் இருக்கற ஸ்கூல்ல அட்-வில்லுங்கற வார்த்தையோட பலம் ரொம்பக் குறைஞ்சிடும்.

இப்ப ரெண்டும் முட்டிக்கற எடம். பையன் விஷயத்துல புகார் குடுத்தா என் வேலைக்கு ஆபத்தான்னு நீங்க எழுதல, ஆனா அந்த பயம் லெட்டர் பூரா இருக்கு. புகார் குடுத்ததுக்காகப் பழி வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதான், ஆனா நிரூபிக்கற வேலை பாதி உங்க தலையில விழும். அதனால என்னோட யோசனை, மெயில் உங்க வீட்டுக்காரர் பேர்ல போகட்டும், வேலை ஆஃபர் பத்தி அதுல ஒரு வார்த்தை வேணாம், தேதியோட போகட்டும். ஒளிக்கறதுக்கு இல்ல, ரெண்டு நூலையும் சிக்காம வச்சிக்கறதுக்கு. அதுக்கு அவங்க எப்படி பதில் சொல்றாங்கங்கறதையே நீங்க அங்க வேலைக்குப் போகலாமா வேணாமாங்கறதுக்கு அளவுகோலா வச்சுக்கலாம், பிள்ளைய மதிக்காத எடம் டீச்சரையும் மதிக்காது, இத நான் ரொம்ப பாத்துட்டேன்.

ரினியூவலுக்கு வரேன். முதல்ல குடுக்கற சார்ட்டர் அதிகபட்சம் 5 வருஷம். அப்பறம் ரினியூவல்ல ஸ்டேட் டேஷ்போர்டுன்னு ஒண்ணு இருக்கு, சிவப்புல இருந்து நீலம் வரைக்கும் அஞ்சு கலர்ல ஒவ்வொரு ஸ்கூலோட ரிசல்ட்டும் யாரு வேணா பாக்கலாம், அத வச்சு மூணு தட்டாப் பிரிக்கறாங்க. மேல் தட்டுக்கு 5ல இருந்து 7 வருஷம், நடுவுக்கு 5 வருஷம், கீழ் தட்டுல இருந்தா பொதுவா குடுக்கக் கூடாது, மாறுறதுக்கு உருப்படியான திட்டம் இருக்குன்னு காட்டினா 2 வருஷம் மட்டும். இதுவும் ஏபி 1505தான். அதனால மொதல்ல டேஷ்போர்டுல அந்த ஸ்கூல் பேரைப் போட்டு ரெண்டு வருஷ கலரைப் பாருங்க, பயப்படணுமா வேணாமான்னு பாதி தெரிஞ்சிடும். டிஸ்ட்ரிக்ட் மாட்டேன்னாலும் அன்னைக்கே பூட்டு விழாது, கவுன்ட்டி போர்டுக்கு அப்பீல், அதுக்கு மேல ஸ்டேட் போர்டு.

மீதிப் பாதி பணம். அனுமதி குடுத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஸ்கூலுக்கு நேர்ல வரணும், வரவு செலவை கவனிக்கணும், அதுக்காக ஸ்கூலோட வருமானத்துல 1 சதவீதம் வரைக்கும், கிட்டத்தட்ட வாடகை இல்லாத கட்டடம் குடுத்தா 3 சதவீதம் வரைக்கும் கட்டணம் வாங்கலாம். இந்தக் கட்டணமே ஒரு பெரிய ஓட்டையா ஆனதுதான் ஏ3ங்கற சார்ட்டர் அமைப்பு மேல வந்த கேஸ். 2019ல சான் டியாகோல 11 பேர் மேல குற்றப்பத்திரிகை போட்டாங்க, ஆன்லைன் சார்ட்டர்னு சொல்லி பாடமே நடக்காத பிள்ளைங்க பேர்ல எல்லாம் மாநிலப் பணத்தைக் கோடிக்கணக்குல வாங்கினதா. அனுமதி குடுத்தது சின்னச் சின்ன டிஸ்ட்ரிக்ட்டுங்க, கட்டணம் வந்துச்சு, ஆனா அத்தனை பெரிய அமைப்ப கண்காணிக்க அவங்ககிட்ட ஆளே இல்ல. அதனால உங்க ஸ்கூலுக்கு யாரு அனுமதி குடுத்தது, அது உங்க ஊர் டிஸ்ட்ரிக்ட்டா கவுன்ட்டியான்னு பாருங்க, உள்ளூர் டிஸ்ட்ரிக்ட்டா இருந்தா அந்த போர்டு மெம்பர நீங்க நேர்ல போய்ப் பாக்க முடியும். லாபத்துக்கு நடத்தற கம்பெனி சார்ட்டர் நடத்தறதுக்கு 2019 ஜூலைல இருந்து இங்க தடை இருக்கு, ஆனா நான்-ப்ராஃபிட் அமைப்பே வேற கம்பெனிக்கு வாடகை, மேனேஜ்மென்ட் ஃபீஸ்னு எவ்ளோ குடுக்குதுன்னு ஆடிட் ரிப்போர்ட்ல பாக்கணும். ஒவ்வொரு வருஷமும் தனி ஆடிட் கட்டாயம், அந்த ரிப்போர்ட்ல கடைசில "ஃபைன்டிங்ஸ்"னு ஒரு பகுதி இருக்கும், நேரா அங்க போங்க. தொடர்ந்து ரெண்டு வருஷம் அதே குறை வந்திருந்தா, இல்ல கைல ரொக்கம் ஒரு மாசச் செலவுக்குக் கூட இல்லன்னா, நானா இருந்தா அங்க வேலைக்குப் போக மாட்டேன். நீங்க கணக்கு டீச்சர், இத என்ன விட வேகமா படிச்சிருவீங்க.

2019 மார்ச்ல கையெழுத்தான எஸ்பி 126ங்கற சட்டம் இன்னொரு கதவையும் திறந்து விட்டுச்சு. சார்ட்டர் ஸ்கூல் போர்டு மீட்டிங் எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கணும், வழக்கமான மீட்டிங்னா அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்னாடி ஒட்டணும், ரெக்கார்ட் கேட்டா 10 நாளுக்குள்ள பதில் சொல்லணும், போர்டு ஆளுங்க தங்களுக்கு லாபம் வர்ற கான்ட்ராக்ட்ல கை வைக்கக் கூடாது. ரினியூவலுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்காவது போய் உக்காருங்க. நம்ம பக்கத்து ஆளுங்க இங்கிலீஷ்ல பேசத் தயங்கி இந்த மீட்டிங் பக்கமே வர்றதில்ல, ஆனா மொழிபெயர்ப்பாளர் வச்சுப் பேசறவங்களுக்கு மத்தவங்கள விட ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னே சட்டத்துல இருக்கு, ஊர்ல இருந்து வந்திருக்கற உங்க மாமியார் கூட தமிழ்லயே எழுந்து பேசலாம்.

நிஜமாவே மூடிட்டா என்ன ஆகும்? பையனுக்கு இடம் போயிடாது, நீங்க குடியிருக்கற டிஸ்ட்ரிக்ட் அவன எடுத்தே ஆகணும், ஐஇபியும் அவனோடவே போகும். ரெக்கார்ட் யார்கிட்ட இருக்கும்னு மூடல் பகுதில எழுதியிருக்கும். போறது உங்க வேலைதான், அதனாலதான் க்ரெடென்ஷியல் உங்க சொந்தப் பேர்ல முழுசா கைக்கு வர்றது மத்த எல்லாத்த விடவும் முக்கியம்ங்கறேன், அது இருந்தா அடுத்த தெருவுல இருக்கற டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலும் உங்களைக் கூப்பிடும்.

இந்த வாரம் லாட்டரிக்கு கடைசி தேதி என்னன்னு பாத்து ஐஇபி இல்லாம அப்ளிகேஷனைப் போட்டுடுங்க, அடுத்த நாள் வீட்டுக்காரர் மெயிலை அனுப்பட்டும். ஆஃபருக்கு பதில் சொல்ல எத்தனை நாள் குடுத்திருக்காங்கன்னு நீங்க எழுதல, கம்மியா இருந்தா பத்து நாள் கூடக் கேளுங்க. கான்ட்ராக்ட்ல அட்-வில் வர்ற பக்கத்தையும் பெட்டிஷன்ல அட்மிஷன் முன்னுரிமை பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பாத்துடறேன்.

அன்புடன்,
அக்கா